வாசகர் கேள்வி: 'கைப்பற்று' கடல் கடந்து 'கேப்சர்' ஆனதா?

இந்த இதழுக்கு வந்த மடல்களில் பல, அவற்றை எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ, இலத்தீன மொழியின் ஒரே ஒரு வினைச்சொல்லைச் சுற்றியே நிற்கின்றன. 'எடு, பிடி, பற்று' என்னும் பொருளுடைய 'கப்பெரே' என்பதே அவ்வினை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இதற்குரியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த பொங்கல் விழாவில் பேசிய அன்பர் ஒருவர், ஆங்கிலத்தில் வழங்கும் 'கேப்சர்' என்ற சொல் நம் 'கைப்பற்று' என்பதன் திரிபே என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது; ஆனாலும் மனம் ஒப்பவில்லை. உண்மை என்ன, ஐயா?
— ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மை இல்லை, ஐயா. பொருளும் ஒன்று, ஓசையும் ஏறத்தாழ ஒன்று என்பதால் அந்த அன்பர் மயங்கியதில் வியப்பில்லை. ஆனால் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்தால் அவை ஒட்டாமல் விலகிவிடுகின்றன.

'கைப்பற்று' என்பதில் 'கை' ஒரு சொல், 'பற்று' மற்றொரு சொல். நடுவில் நிற்கும் பகர ஒற்று, இரண்டும் சேரும்போது புணர்ச்சியால் மிக்கது. 'கேப்சர்' அப்படிப் பிரியாது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல்லின் இலத்தீன வடிவம் 'கப்தூரா'. அதில் 'கப்' என்பதே பகுதி. பகர ஒலி அந்தப் பகுதிக்கே உரியது. அடுத்து வரும் தகரம் 'பிடிக்கப்பட்ட' என்ற இறந்தகால எச்சப் பொருளைத் தருவது. 'ஊரா' என்பது செயலைப் பெயராக்கும் விகுதி. 'பிக்சர்', 'ஃபிராக்சர்', 'ஸ்கல்ப்சர்' ஆகியவற்றின் ஈற்றில் நிற்பதும் இதே விகுதிதான். 'கேப்சர்' என்பதன் பிற்பாதி 'பற்று' என்றால், 'பிக்சர்' என்பதன் பிற்பாதியும் 'பற்று' ஆக வேண்டும். அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு சொல்லில் 'கை'க்குப் பின் ஒட்டு விழுகிறது, மற்றதில் பகரத்துக்குப் பின் விழுகிறது. ஒட்டு விழும் இடமே மாறிய பிறகு, உறவு சொல்ல எதுவும் மிச்சமில்லை.

'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லி வைத்தார். ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்பது பார்த்தவுடன் புலப்படாது என்பது அதன் கருத்து. மேடையில் புலப்பட்டுவிட்டதாகத் தோன்றும் போதெல்லாம் இந்த நூற்பாவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'கேட்ச்' என்றால் பிடி, 'சேஸ்' என்றால் துரத்து. இரண்டும் ஒரே சொல் என்று எங்கள் ஆங்கில ஆசிரியை சொன்னார். எப்படி ஒன்றாக முடியும்?
— ஆறாம் படிவ மாணவர், கோலகங்சார்

பதில்: ஆசிரியை சொன்னது சரி, தம்பி. 'கப்பெரே' என்ற வினையிலிருந்து 'கப்தாரே' என்றொரு வினை பிறந்தது; விடாமல் பிடிக்க முயல்வது என்று அதற்குப் பொருள். மக்களின் பேச்சில் அது 'கப்தியாரே' ஆகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் மீட்டமைத்திருக்கிறார்கள். பிடிக்க முயல்பவன் துரத்தத்தானே வேண்டும்? அதனால் பழைய பிரெஞ்சில் அது வேட்டையாடுவதையும் துரத்துவதையும் குறித்தது. இன்றைய பிரெஞ்சில் 'ஷசே', இத்தாலியத்தில் 'கச்சாரே', ஸ்பானியத்தில் 'கசார்' எல்லாம் அதன் பிள்ளைகள்.

இனிப் பிரெஞ்சுக்குள்ளேயே ஒரு பிரிவினை. பாரிஸ் வட்டாரத்தில், அகரத்துக்கு முன் நின்ற ககரம் சகரமாகத் திரிந்தது. வடக்கே நார்மண்டியிலும் பிக்கார்டியிலும் திரியவில்லை. இலத்தீனத்தில் பசுவைக் குறித்த 'வக்கா' பாரிஸ் பக்கம் 'வஷ்' ஆனது; பாடுவதைக் குறித்த 'கந்தாரே' 'ஷாந்தே' ஆனது; வயலைக் குறித்த 'கம்புஸ்' 'ஷாம்' ஆனது. ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்தால் தற்செயல் எனலாம். வரிசையாக எல்லாச் சொல்லிலும் நேர்வதால் அது விதி. 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபோது, அவருடன் வந்தவர்களின் ககர வடிவம் 'கேட்ச்' ஆகக் குடியேறிற்று. பின்னர் பாரிஸ் பிரெஞ்சின் செல்வாக்கு மிகுந்த காலத்தில் சகர வடிவம் 'சேஸ்' ஆக வந்து சேர்ந்தது. முன்னதன் ஈற்றில் 'ச்' என்றும் பின்னதன் ஈற்றில் 'ஸ்' என்றும் ஒலிப்பதும் அதே வட்டார வேறுபாட்டால்தான். ஒரே சொல் இரண்டு வாசல் வழியாக நுழைந்ததால், ஆங்கிலேயர் ஒன்றுக்குப் பிடித்தலையும் மற்றதற்குத் துரத்தலையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இது நமக்குப் புதிதன்று. தமிழில் 'செவி', கன்னடத்தில் 'கிவி'. தமிழில் 'சேரி', கன்னடத்தில் 'கேரி'. இங்கே ககரம் திரிந்தது நம் பக்கம். ஆனால் 'கெடு', 'கிளி' போன்ற சொற்களில் அடுத்து ட, ள போன்ற வளைநா ஒலி (நாவை மடித்து ஒலிப்பது) வருவதால் நாமும் ககரத்தைக் காப்பாற்றிக்கொண்டோம். விதியும் விலக்கும் இப்படி ஒழுங்காக அமைவதைத்தான் மொழியறிஞர் சான்றாகக் கொள்கிறார்கள்.

கேள்வி: என் கடையில் கணினி அச்சிடும் சீட்டில் 'ரெசிட்' என்று மலாயில் வருகிறது. ஆங்கிலத்திலும் அதே ஒலிதான், ஆனால் எழுத்தில் ஒரு 'பி' வீணாக நிற்கிறது. நாம் 'ரசீது' என்கிறோம். மூன்றும் ஒரே சொல்லா? அந்த 'பி' எதற்கு?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டு உறவு, ஒன்று அயல். முதலில் உறவைப் பார்ப்போம்.

'கப்பெரே'யின் முன் 'ரெ' என்ற முன்னொட்டுச் சேர்ந்தால் 'ரெக்கிப்பெரே'. திரும்பப் பெறுதல், ஏற்றுக்கொள்ளுதல். 'பெறப்பட்டது' என்ற பொருளில் அதன் எச்ச வடிவம் 'ரெக்கெப்தா'. இது பழைய பிரெஞ்சில் பகரத்தை இழந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதாவது ஆங்கிலேயர் அச்சொல்லைக் கற்றபோது அதில் 'பி' ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. பிற்காலத்தில் இலத்தீனம் கற்ற பண்டிதர்கள், மூலச் சொல்லில் பகரம் இருந்ததே என்று எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்', ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' ஆகியவற்றில் ஒலிக்காமல் நிற்கும் 'பி'யும் அதே பண்டிதர் கைவரிசைதான். ஆனால் 'ரிசீட்' என்பதன் உடன்பிறப்புகளான 'டிசீட்', 'கன்சீட்' இரண்டுக்கும் அந்த எழுத்தைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். மலாய் மொழி ஒலித்தபடியே எழுதும் வழக்கமுடையது. எனவே 'ரெசிட்' என்றானபோது அந்த வீண் எழுத்து தானாகக் கழன்றுகொண்டது. பண்டிதர் செய்ததை உங்கள் கடைச் சீட்டு திருத்தியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழங்கால மருத்துவர்கள் மருந்துச் சீட்டின் தலைப்பில் 'ரெக்கிப்பே' என்று எழுதுவார்கள். 'இன்னின்ன பொருளை எடுத்துக்கொள்' என்ற ஏவல் வினை அது. மருந்துச் சீட்டில் இன்றும் காணும், காலில் குறுக்குக் கோடிட்ட 'ஆர்' எழுத்து அந்த ஏவலின் சுருக்கம். மருந்துக் கலவைக்கு வழங்கிய சொல் பிறகு அடுப்பங்கரைக்கு வந்து 'ரெசிபி' ஆயிற்று. ஸ்பானியத்தின் 'ரெசேத்தா'வும் ஜெர்மனின் 'ரெட்செப்ட்'டும் இன்றளவும் மருந்துச் சீட்டு, சமையல் குறிப்பு இரண்டையுமே குறிக்கின்றன. பிரெஞ்சின் 'ரெசெத்' சமையல் குறிப்போடு கடையின் வரவுப் பணத்தையும் குறிக்கிறது. ஒரு வியாபாரிக்கு இரண்டும் வேண்டியதுதான். மலாய் மொழி 'ரெசிட்', 'ரெசிப்பி' என இரண்டையும் தனித்தனியாக ஆங்கிலத்திலிருந்து வாங்கிக்கொண்டது.

நம் 'ரசீது' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. பாரசீகத்தில் 'ரசீதன்' என்றால் வந்து சேர்தல். 'ரசீத்' என்றால் 'வந்து சேர்ந்தது'. நவாபுகள் காலத்து நிர்வாகச் சொற்களோடு சேர்ந்து அது தமிழுக்குள் வந்தது. பணம் வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்றாகக் கொடுக்கும் சீட்டு, ஆகையால் ரசீது. 'ரெசிட்', 'ரசீது' இரண்டையும் அருகருகே வைத்தால் 'கேப்சர்', 'கைப்பற்று' இரண்டையும் விட நெருக்கமாக ஒலிக்கின்றன. பொருளோ அச்சாக ஒன்றே. ஆனாலும் உறவில்லை. முதல் கேள்வி கேட்ட கிராணி ஐயாவும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: திருமணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறோம். 'கேட்டரிங்' என்று பலகை எழுதியிருக்கிறோம். இதற்கும் ஏதாவது கதை உண்டா?
— ஒரு வாசகி, தாப்பா

பதில்: உண்டு, அம்மா; அதுவும் 'கப்பெரே'யின் கதைதான். 'கப்தாரே'க்கு முன் ஒரு முன்னொட்டுச் சேர்ந்து 'அக்கப்தாரே' ஆனது. பிரெஞ்சில் அது 'அஷ்தே', அதாவது விலைக்கு வாங்குதல். இத்தாலியத்தில் 'அக்கத்தாரே', அதாவது பிச்சை எடுத்தல். காசு கொடுத்து எடுத்தால் ஒன்று, கொடுக்காமல் எடுத்தால் மற்றொன்று! நார்மன் வழக்கில், பெரிய வீடுகளுக்குச் சாமான் வாங்கிப் போடுபவர் 'அக்கத்தூர்'. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து தேய்ந்து 'கேட்டர்' ஆயிற்று. ஆகவே அச்சொல்லின் மூலப்பொருள் சமைப்பதன்று, பசாருக்குப் போய் வருவதே. விலைக்கு வாங்குவதைக் குறிக்கும் 'பர்ச்சேஸ்' என்பதிலும் மேலே சொன்ன 'சேஸ்' ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளைத் துரத்திப் போய் அடைவது என்பதே அதன் பழம்பொருள். விலைவாசி இருக்கும் இருப்பில் அப்பொருள் இன்னும் பழசாகவில்லை.

கேள்வி: 'ரிசீவ்', 'டிசீவ்', 'கன்சீவ்', 'பெர்சீவ்' என்று ஆங்கிலத்தில் வரிசையாக வருகின்றன. தனியாக நிற்காத அந்த 'சீவ்' என்பதற்கு என்ன பொருள்? தமிழில் இப்படி ஒரு வினை உண்டா?
— இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியை, பீடோர்

பதில்: இரண்டாவது கேள்விக்காகவே இம்மடலை மிகவும் விரும்பினேன்.

'சீவ்' என்பது 'கப்பெரே'யேதான். பல திரிபுகளுக்குப் பின் அடையாளம் தெரியாமல் நிற்கிறது. இலத்தீனத்தின் மிகப் பழைய நிலையில் சொல்லின் முதலசையில் அழுத்தம் விழுந்ததால், முன்னொட்டுச் சேர்ந்தவுடன் பகுதியின் உயிர் மெலிந்தது. 'கப்' என்பது 'கிப்' ஆயிற்று, பின்னால் இரு மெய் வந்த இடத்தில் 'கெப்' ஆயிற்று. அதனால்தான் 'ரிசீவ்' ஒருபுறம், 'அக்செப்ட்', 'எக்செப்ட்', 'இண்டர்செப்ட்' மறுபுறம். பின்னர் இகர எகரங்களின் முன் நின்ற ககரம் பிரெஞ்சில் சகரமாயிற்று. உயிர்களின் நடுவில் நின்ற பகரம் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் வகரமாகவும் ஸ்பானியத்தில் மெல்லிய பகரமாகவும் குழைந்தது. பிரெஞ்சில் 'ரெசவ்வார்', இத்தாலியத்தில் 'ரிச்செவெரே', ஸ்பானியத்தில் 'ரெசிபிர்' ஆகிய மூன்றும் ஒன்றே.

பொருள் விரிந்த முறையைத்தான் தமிழர் எளிதில் உணர முடியும். இலத்தீனத்துக்குக் 'கப்பெரே' எப்படியோ, தமிழுக்கு அப்படிக் 'கொள்'. 'ரிசீவ்' நமக்குப் 'பெற்றுக்கொள்'. 'அக்செப்ட்' நமக்கு 'ஏற்றுக்கொள்'. 'கன்சீவ்' நமக்குக் 'கருக்கொள்'. ஒரு பாத்திரம் எவ்வளவு பிடிக்கும் என்பதை அவர்கள் 'கப்பெரே' வழிவந்த 'கெப்பாசிட்டி' என்கிறார்கள். நாம் 'கொள்ளளவு' என்கிறோம். அவர்கள் 'கான்செப்ட்' என்று மனத்தால் பற்றியதைச் சொல்லும் இடத்துக்கு அண்மையில் நம் 'கொள்கை' நிற்கிறது. அவர்களுக்கு 'பர்ச்சேஸ்', நமக்குக் 'கொள்முதல்'. பங்கு என்ற சொல்லோடு எடுத்தலைச் சேர்த்து அவர்கள் 'பார்ட்டிசிப்பேட்' என்றார்கள். நாம் 'பங்கெடு' என்றோம். இவற்றில் எதையும் யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்கவில்லை. கையால் எடுப்பதைச் சொல்லும் வினை, மனத்தால் எடுப்பதையும் வயிற்றில் தாங்குவதையும் கடையில் வாங்குவதையும் சொல்ல வருவது பல மொழிகளில் தாமாகவே நிகழ்வது. இலத்தீன வினையை மாணவர்களுக்கு விளக்க வேண்டுமானால் 'கைப்பற்று' பக்கம் போகாமல், 'கொள்' என்பதைக் கரும்பலகையில் எழுதித் தொடங்குங்கள்.

கேள்வி: கைபேசிச் செயலி ஒன்றில் இத்தாலிய மொழி கற்று வருகிறேன். 'கத்தீவோ' என்றால் கெட்டவன் என்று வருகிறது. அது 'கைதி'யைக் குறிக்கும் இலத்தீனச் சொல் என்றும் படித்தேன். கைதியெல்லாம் கெட்டவனா?
— ஒரு வாசகர், தைப்பிங்

பதில்: இலத்தீனத்தில் 'கப்தீவுஸ்' என்றால் போரில் பிடிபட்டவன், அதில் நல்லவன் கெட்டவன் என்ற பேச்சே இல்லை. ஸ்பானியம் அப்பொருளை அப்படியே வைத்துக்கொண்டது. அங்கே 'கௌத்தீவோ' இன்றும் சிறைப்பட்டவன்தான். இத்தாலியத்தில் கிறித்தவ சமய வழக்கு ஊடே புகுந்தது. பாவம் செய்பவன் சாத்தானிடம் பிடிபட்டவன், 'சாத்தானின் கைதி' என்று சமய நூலோர் எழுதினார்கள். நாளடைவில் சாத்தான் வழக்கொழிந்து கைதி மட்டும் எஞ்ச, அவனே கெட்டவன் ஆனான். பிரெஞ்சு வேறு வழியில் போயிற்று. பிடிபட்டவன் இரங்கத்தக்கவன், வாடி மெலிந்தவன் என்று போய், 'ஷெத்தீஃப்' என்றால் இப்போது நோஞ்சான் என்று பொருள். அதே சொல்லின் நார்மன் வடிவம் ஆங்கிலத்தில் 'கேடிஃப்' ஆகி, இழிந்த கோழையைக் குறித்தது. இப்படிச் சொல் உருமாறிப் போனபின், உண்மையான கைதியைக் குறிக்கச் சொல் இல்லாமல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் இலத்தீன ஏட்டைத் திறந்து 'கப்தீஃப்' என்று புதிதாக எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தின் 'கேப்டிவ்' அதன் தொடர்ச்சி.

தோற்றவனுக்கு நேர்வது எப்போதும் இதுதான் போலும்: பிடிபடுகிறான், மெலிகிறான், பிறகு கெட்டவன் என்ற பெயரும் வாங்குகிறான்.

கேள்வி: விடுதலையைக் குறிக்கும் 'எமான்சிபேஷன்' என்ற சொல்லிலும் 'கப்பெரே' இருப்பதாக ஓர் அகராதியில் பார்த்தேன். பிடிப்பதற்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு?
— சட்டத்துறை மாணவி, ஈப்போ

பதில்: இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கையைக் குறிக்கும் 'மனுஸ்', எடுத்தலைக் குறிக்கும் 'கப்பெரே' இரண்டும் சேர்ந்து இலத்தீனத்தில் 'மன்கிப்பியும்' என்ற சொல் உண்டு. அதைத் தமிழில் சொன்னால் எழுத்துக்கு எழுத்துக் 'கைப்பற்று'தான். பொங்கல் மேடை அன்பர் தேடிய கூட்டுச் சொல்லை உரோமானியர் தாங்களே செய்து வைத்திருந்தார்கள். ஆனால் அதில் பிறந்தது 'கேப்சர்' அன்று, 'எமான்சிபேஷன்'.

நிலம், அடிமை, எருது, குதிரை, கோவேறு கழுதை போன்ற முதன்மையான உடைமைகளை உரோமர்கள் சும்மா கைமாற்ற முடியாது. வயது வந்த உரோமக் குடிமக்கள் குறைந்தது ஐவர் சாட்சியாக நிற்க வேண்டும்; தராசு ஏந்த ஒருவர் வேண்டும். வாங்குபவர் அந்த அடிமையைக் கையால் பற்றிக்கொண்டு, 'உரோமச் சட்டப்படி இவன் என்னுடையவன்' என்று உரக்கச் சொல்லி, வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, அதை விலையாக விற்பவரிடம் கொடுப்பார். சட்ட அறிஞர் காயுஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இச்சடங்கால் கைக்கு வந்த உடைமையே 'மன்கிப்பியும்'. நாளடைவில் அச்சொல் அடிமையையே குறித்தது. அடிமைச் சிறுவன், ஏவலாள் என்று தேய்ந்து ஸ்பானியத்தில் 'மன்செபோ' என்றால் இன்று வெறும் இளைஞன்.

இனி விடுதலை. உரோமத்தில் தந்தை உயிரோடிருக்கும் வரை, மகனுக்கு எத்தனை வயதானாலும் அவன் தந்தையின் ஆளுகைக்கு உட்பட்டவன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம், மகனை மூன்று முறை விற்ற தந்தைக்கு அதன்பின் அவன்மீது உரிமையில்லை என்று விதித்தது. கொடிய தந்தையைத் தண்டிக்க எழுதப்பட்டதாகத் தோன்றும் அவ்விதியைச் சட்டம் தெரிந்தவர்கள் நல்ல வழியில் வளைத்தார்கள். மகனை விடுவிக்க விரும்பிய தந்தை, நம்பிக்கையான நண்பருக்கு அவனை மூன்று முறை பெயரளவில் விற்பார்; நண்பர் ஒவ்வொரு முறையும் அவனை விடுவிப்பார்; மூன்றாம் விற்பனையோடு தந்தையாட்சி முடிந்துவிடும். 'கைப்பற்றிலிருந்து வெளியே' என்ற பொருளில் அதற்கு 'எமான்கிப்பாத்தியோ' என்று பெயர்.

பிரிட்டிஷ் பேரரசில் 1834-இல் அடிமைகளுக்குக் கிடைத்த விடுதலையையும் ஆங்கிலத்தில் இச்சொல்லால்தான் குறித்தார்கள். அதே ஆண்டில் மொரிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்தமுறை 1910-இல்தான் நின்றது. சொல் மாறியதால் கை விட்டுவிட்டது என்று நம்ப வேண்டியதில்லை என்பதை நம் தோட்டப்புறத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஒலி ஒற்றுமை சான்றாகாது என்கிறீர்கள். அப்படியானால் வேறு எதை வைத்து இரு சொற்களை உறவு என்கிறீர்கள்?
— அதே ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட் (இரண்டாம் மடல்)

பதில்: ஒழுங்கான வேற்றுமையை வைத்துத்தான், ஐயா. ஒற்றுமையை விட வேற்றுமை நம்பத்தக்கது.

தமிழில் பால், புலி, பத்து, பல்; கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து, ஹல்லு. நம் பகரம் நின்ற இடத்தில் அவர்களுக்கு ஹகரம் வரிசை தவறாமல் வருகிறது. பழங்கன்னடத்தில் அங்கேயும் பகரமே இருந்தது. இத்தகைய ஒழுங்குகளைக் கொண்டுதான் சென்னையில் எல்லிஸ் 1816-இலும், பின்னர் கால்டுவெல் 1856-இலும் தென்மொழிகளை ஒரு குடும்பமாகக் காட்டினார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவில் டென்மார்க்கின் ராஸ்க், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் இருவரும் இலத்தீனத்தையும் ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றையும் ஒப்பிட்டார்கள். கிரிம் 1822-இல் அதை விதியாக வகுத்தார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர் அவரே. இலத்தீனத்தின் ககரத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் ஹகரம் வரும். நூறு அங்கே 'கெந்தும்', இங்கே 'ஹண்ட்ரட்'. கொம்பு அங்கே 'கொர்னு', இங்கே 'ஹார்ன்'. நாய் அங்கே 'கனிஸ்', இங்கே 'ஹவுண்ட்'. இந்த விதியைக் 'கப்பெரே'யின் மேல் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஹகரத்தில் தொடங்கி, எடுத்தல் அல்லது பிடித்திருத்தல் என்ற பொருளுடைய சொல் வேண்டும். தூக்குவதைக் குறிக்கும் 'ஹீவ்' கிடைக்கிறது; உடைமையைக் குறிக்கும் 'ஹேவ்' கிடைக்கிறது; ஜெர்மனில் காவலில் வைப்பதைக் குறிக்கும் 'ஹஃப்ட்' கிடைக்கிறது. இவையெல்லாம் 'கப்பெரே'யின் பிள்ளைகள் அல்ல, ஒரே பாட்டியின் வழிவந்த பங்காளிகள். நடுவிலுள்ள பகரம் ஓரிடத்தில் ஃபகரமாகவும் ஓரிடத்தில் வகரமாகவும் வருவதேன் என்பதைப் பின்னர் டென்மார்க்கின் வெர்னர் பழைய அழுத்த வேறுபாட்டைக் கொண்டு விளக்கினார்.

இதன் மறுபக்கம்தான் சுவையானது. இலத்தீனத்தில் உடைமையைக் குறிக்கும் வினை 'ஹபேரே'. பிரெஞ்சின் 'அவ்வார்', இத்தாலியத்தின் 'அவேரே', ஸ்பானியத்தின் 'அபேர்' அதன் வழிவந்தவை. ஆங்கில 'ஹேவ்' என்பதோடு ஒலியும் பொருளும் அப்படியே பொருந்துகின்றன. ஒன்றென்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. இலத்தீனத்தின் ஹகரத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் வர வேண்டியது, 'ஜி' எழுத்தால் குறிக்கும் மெல்லிய ககரம். இலத்தீனப் பகைவனான 'ஹொஸ்திஸ்' ஆங்கிலத்தில் விருந்தாளியான 'கெஸ்ட்' ஆவது அந்த விதிப்படிதான். ஆகவே 'ஹபேரே'யின் பங்காளி, கொடுப்பதைக் குறிக்கும் 'கிவ்' என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். கொடுப்பதும் வைத்திருப்பதும் கைமாறும் ஒரே செயலின் இரு முனைகள் அல்லவா?

கேள்வி: கோலாலம்பூரின் கப்பித்தான் யாப் ஆ லோயின் பட்டப்பெயரும் 'கப்பெரே' வழியா? 'கப்பல்' என்பதும்?
— ஒரு வாசகர், பாகான் செராய்

பதில்: இரண்டும் இல்லை. கப்பித்தான் போர்த்துக்கீசிய வழியாக வந்தது; அதன் மூலம் தலையைக் குறிக்கும் 'கப்புத்' என்ற இலத்தீனப் பெயர்ச்சொல். 'கேப்டன்', 'கேபிட்டல்' எல்லாம் அந்தத் தலையின் குடும்பம். மலாயில் 'காப்பால்' என்று வழங்கும் கப்பல் நம்மிடமிருந்து போனது. இலத்தீனத்துக்கு அதில் பங்கில்லை.

கேள்வி: அப்படியானால் 'கேஷ்' என்பது நம் 'காசு' என்பதும் பொய்தானா?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட் (ஒரே உறையில் இரண்டாம் கேள்வி)

பதில்: பாதி பொய், பாதி மெய். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு.

உங்கள் கல்லாவில் இருக்கும் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', இலத்தீனத்தின் 'கப்சா'விலிருந்து வந்தது. நம்மூர்க் கப்சா அன்று. அங்கே கப்சா என்றால் பெட்டி. பொருளைப் பிடித்து வைத்திருப்பதால் அதுவும் 'கப்பெரே' வழிவந்ததென்றே பொதுவாகக் கொள்கிறார்கள். இத்தாலியத்தில் 'கஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்', ஸ்பானியத்தில் 'காஹா', மாத்திரைக் குப்பியான 'கேப்சூல்' எல்லாம் அதன் பரம்பரை. பணப்பெட்டியைக் குறித்த சொல், பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறிக்கலாயிற்று.

மற்றொரு 'கேஷ்' நம்முடையதே. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு செப்புக் காசுகளை ஐரோப்பியர் அப்பெயரால் குறித்தார்கள். சென்னையில் 1818 வரை 80 'கேஷ்' சேர்ந்தால் ஒரு பணம். தமிழ்க் 'காசு' என்பதை முதலில் காதில் வாங்கிய போர்த்துக்கீசியர், தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்ற சொல்லின் எழுத்துகளிலேயே அதை எழுதிவைத்தார்கள். அந்தப் பெட்டியோ 'கப்சா'வின் வழி வந்தது.